இடுப்புக்குக் கம்பி, தொடையிடுக்குக்குக் கத்தி

"பலூன் வச்சாப் போதும்னு ஒருத்தர் சொல்றாரு. கிழிச்சுத்தான் ஆகணும்னு இன்னொருத்தர். இப்பப் பார்த்த டாக்டர் ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே மேசையில முடிச்சிடலாம்ங்கிறாரு. யாரைத் தம்பி நம்பறது?"

கேட்டவர் பேராவூரணிப் பக்கத்து விவசாயி. வயது எழுபதை நெருங்குகிறது. இருபது வருடமாகச் சர்க்கரை. பீடி அதற்கும் முந்தைய சிநேகம். வலது காலில் இரண்டாவது விரல் நுனி கறுத்துவிட்டது. இரவு படுத்தால் பாதம் எரிகிறது. காலைக் கட்டிலிலிருந்து தொங்கப் போட்டால்தான் கொஞ்சம் கண்ணயர முடிகிறது. மடியில் சிடி ஆஞ்சியோ உறை. டீயைச் சர்க்கரை இல்லாமல் கேட்டு வாங்கினார், அதுவரைக்கும் சரி.

நான் பொது மருத்துவன், கத்தி பிடிப்பவன் அல்ல. ஆனாலும் மூன்றாவது டாக்டர் சொன்னதுதான் சரி என்று எனக்குப் பட்டது. ஏன் என்று அன்று அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், இது எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ள பெரும்பாலானவர்களுக்கு நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். அவர்களில் பலருக்கு அறுவையே வேண்டாம். பீடி சிகரெட்டை விட்டு, மாத்திரை போட்டு, வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கும் பயிற்சியிலேயே சமாளித்துவிடலாம். சும்மா படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, விரல் கறுத்தாலோ, புண் ஆறாமல் கிடந்தாலோ கதை வேறு. அப்போது தசை உயிரோடு இருக்கும் அளவுக்குக்கூட ரத்தம் போகவில்லை என்று பொருள். காலைத் தொங்கப் போட்டால் வலி குறைவதும் அதனால்தான். புவியீர்ப்பு கொஞ்சம் ரத்தத்தைக் கீழே இழுத்துக் கொடுக்கிறது. இந்த நிலையில் ரத்த ஓட்டத்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் காலையே இழக்க நேரிடலாம்.

பெரியவருடைய காகிதங்களில் ஒரு வேடிக்கை இருந்தது. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு. இவருக்கு 1.4-க்கு மேல் வந்திருந்தது. "நார்மலுக்கும் மேலன்னு லேப்ல சொன்னாங்களே?" என்றார். அது ஆரோக்கியம் இல்லை ஐயா என்றேன். நெடுநாள் சர்க்கரையில் குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் நசுங்காது. கருவி பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். சர்க்கரைக்காரர்களுக்குக் கால் விரலில் அழுத்தம் பார்ப்பதே மேல். அங்கே 30 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் புண் தானாக ஆறும் என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டியதுதான். இவருக்கு 24.

அடுத்து வழித்தடம். வயிற்றின் பின்பக்கமாக இறங்கும் மகாதமனி தொப்புள் உயரத்தில் இரண்டாகப் பிரிந்து, இடுப்பு எலும்புக் கூட்டுக்குள் வலப்பக்கமும் இடப்பக்கமும் போகிறது. இவை இடுப்புத் தமனிகள். ஒவ்வொன்றும் தொடையிடுக்கில் தோலுக்கு அருகே வந்து, நான்கைந்து சென்டிமீட்டர் தூரம் ஒரே குழாயாக ஓடிவிட்டு, அங்கேயே இரண்டாகிறது. ஒரு கிளை தொடையின் உள்பக்கமாக நேரே முழங்காலுக்குப் போகிறது. இன்னொன்று ஆழத்தில் இறங்கித் தொடைத் தசைகளுக்குக் கிளைவிடுகிறது. அதை ஆழ்தொடைத் தமனி என்பார்கள். முழங்காலுக்குக் கீழே மூன்று குழாய்கள் பாதத்துக்குப் போகின்றன.

பெரியவரின் படத்தில் நான்கு இடத்தில் கோளாறு. இடுப்புத் தமனியில் கடுமையான சுருக்கம். தொடையிடுக்கில் முழுக்கச் சுண்ணாம்பு. படத்தில் எலும்பைவிட வெள்ளையாகத் தெரிந்தது. தொடையின் நேர்க்குழாயில் ஒரு விரல் நீளத்துக்கு முழு அடைப்பு. கீழே மூன்றில் ஒன்று மட்டும் பாதம்வரை திறந்திருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் கால் உயிரோடு இருந்ததற்கு ஆழ்தொடைத் தமனிதான் காரணம். நேர்வழி அடைபட்டால் அதன் சிறு கிளைகள் வருடக்கணக்கில் பெருத்து, முழங்காலுக்குக் கீழே மாற்றுவழியில் ரத்தத்தைச் சேர்க்கும்.

"புரியுது தம்பி" என்றார். "கல்லணைக் கால்வாய்த் தண்ணி எங்களுக்குக் கடைமடையில வந்து சேரும். மேல ஷட்டர் மூடியிருக்கிறப்ப நான் என் வாய்க்காலைத் தூர் வாரி என்ன ஆகப்போவுது? மேல திறந்துவிட்டு நடுவுல தூர்ந்து கிடந்தாலும் வராது."

இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. இரண்டு சிகிச்சையையும் ஒன்றாகச் செய்வதற்கான நியாயமும் இதில்தான் இருக்கிறது. இடுப்பில் மட்டும் ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் உலோக வலை) வைத்துத் தொடையிடுக்கை விட்டுவிட்டால், புது ஸ்டென்ட்டுக்குள் வரும் ரத்தத்துக்குப் போக வழி இருக்காது. மெதுவாக ஓடும் ரத்தம் உறையும், ஸ்டென்ட் அடைபடும். தொடையிடுக்கை மட்டும் சுத்தம் செய்தால் மேலிருந்து வருவது போதாமல், சீர்செய்த இடம் உறைந்துபோகும். ஒன்று நிலைக்க இன்னொன்று வேண்டும். "ரெண்டு செலவு" என்று அவர் நினைத்தது உண்மையில் ஒரே வேலையின் இரண்டு பாதி.

சரி, இரண்டையுமே கத்தியால் செய்யக்கூடாதா? செய்யலாம், பல பத்தாண்டுகள் அப்படித்தான் செய்தார்கள். வயிற்றைத் திறந்து, மகாதமனியிலிருந்து இரண்டு தொடையிடுக்குக்கும் செயற்கைக் குழாய் போடும் பைபாஸ். ஆயுள் நீண்ட வைத்தியம், உடம்பு தாங்கினால். ஆனால் இந்த நோய் காலோடு நிற்பதில்லை. அதே சுண்ணாம்பு இதயத்திலும் கழுத்திலும் படிந்திருக்கும். எழுபது வயதில், சர்க்கரையும் பலவீனமான இதயமும் உள்ளவருக்கு வயிற்றைத் திறப்பது பெரிய பந்தயம். இடுப்புத் தமனியோ ஸ்டென்ட்டுக்கு ஏற்ற இடம். குழாய் அகலமானது, ரத்தம் வேகமாக ஓடும், எலும்புக் கூட்டுக்குள் பாதுகாப்பாக இருப்பதால் அதிகம் மடங்காது. அங்கே வைத்த ஸ்டென்ட் பல ஆண்டு தாங்கும்.

அப்படியானால் தொடையிடுக்கிலும் ஸ்டென்ட் வைத்தால் என்ன? இதைத்தான் முதல் டாக்டர் சொன்னார். அந்த இடத்தின் சிக்கல் வேறு. உட்கார்ந்தால், குந்தினால், மாடிப்படி ஏறினால் தொடையிடுக்கு மடங்கும். நம் ஊர் விவசாயி ஒரு நாளைக்கு எத்தனை முறை குந்தி எழுவார்! மடங்கிக்கொண்டே இருக்கும் இடத்தில் உலோக வலை நசுங்கவோ உடையவோ செய்யலாம். இரண்டாவது, பிரிவு அங்கேதான் இருக்கிறது. ஸ்டென்ட் தவறிப்போய் ஆழ்தொடைத் தமனியின் வாயை மூடிவிட்டால், இத்தனை நாள் காலைக் காப்பாற்றிய மாற்றுவழியே போய்விடும். மூன்றாவது, நாளைக்கு இதயத்துக்கோ காலுக்கோ ஊசி குத்திக் கம்பி நுழைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் குத்துவார்கள். அதில் உலோகம் இருந்தால் சிரமம். இதெல்லாம் போக, கல்லாய் இறுகிய சுண்ணாம்பைப் பலூன் விரிப்பதில்லை. ஓரமாகத் தள்ளும், சமயத்தில் குழாயையே கிழிக்கும்.

கத்திக்கு அந்த இடம் வசதியானது என்பது இன்னொரு பக்கம். தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தால் போதும்; இதயம் மிகவும் பலவீனமானவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தும் முடிப்பதுண்டு.

மேசையில் நடப்பது இதுதான். தொடையிடுக்கில் ஒரு கீறல். குழாயையும் அதன் கிளைகளையும் தனித்தனியே பிரித்தெடுத்துப் பிடிபோடத் தயாராக வைப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின். ஓட்டத்தை நிறுத்தி, குழாயை நீளவாக்கில் திறந்து, சுவரின் உள்ளடுக்கோடு ஒட்டியிருக்கும் சுண்ணாம்புக் கட்டியை வெளியடுக்கிலிருந்து பிரித்து முழுசாக எடுப்பார்கள். ஆழ்தொடைத் தமனியின் வாயைத் தனியாகக் கவனித்துச் சுத்தம் செய்வது நல்ல சர்ஜனுக்கு அடையாளம். திறந்த குழாயை அப்படியே தைத்தால் குறுகிவிடும் என்பதால் மேலே ஓர் ஒட்டுப்போட்டு அகலமாக்குவார்கள். ஒட்டு நோயாளியின் சொந்தச் சிரையிலிருந்து (பேச்சுவழக்கில் ரத்த நரம்பு) வெட்டியதாக இருக்கலாம், செயற்கைத் துணியாக இருக்கலாம், பதப்படுத்திய மாட்டு இதய உறையாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதைப் பற்றி நோயாளியிடம் முன்கூட்டிச் சொல்லும் டாக்டர்கள் குறைவு. மனசுக்கு ஒப்பாதவர்கள் முன்பே சொல்லிவிட்டால் வேறு ஒட்டு போடலாம்.

அதன் பிறகு மேசை கத்தியிலிருந்து கம்பிக்கு மாறுகிறது. அந்த ஒட்டின் மேலேயே ஊசி குத்தி, மெல்லிய கம்பியை மேல்நோக்கி இடுப்புத் தமனிக்குள் ஏற்றுவார்கள். மேலே சி-ஆர்ம் எக்ஸ்-ரே திரையில் எல்லாம் தெரியும். சுருக்கத்தைத் தாண்டியதும் பலூன், பிறகு ஸ்டென்ட். அடுத்து அதே வாசலிலிருந்து கம்பியைக் கீழ்நோக்கித் திருப்பித் தொடை அடைப்பைத் திறப்பார்கள். சில சர்ஜன்கள் இடுப்பு அடைப்பைக் கம்பி தாண்டிவிட்டது என்று உறுதி செய்த பிறகுதான் குழாயைத் திறப்பார்கள். கம்பி போகவில்லை என்றால் திட்டத்தையே மாற்ற வேண்டியிருக்குமே. முடிவில் சாயம் செலுத்தி, பாதம்வரை ரத்தம் போகிறதா என்று படம் பார்த்துவிட்டுத்தான் தையல். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அயோடின் சாயத்தைக் குறைத்து, கரியமில வாயுவைச் செலுத்தியே படம் எடுக்கும் முறையும் இருக்கிறது.

இந்த இரண்டு வித்தைகளும் ஒரே வீட்டில் பிறந்தவை அல்ல. சுண்ணாம்பைப் பிரித்தெடுக்கும் அறுவையை 1946-இல் லிஸ்பனில் ழுவாவ் சித் துஷ் சந்துஷ் முதலில் செய்தார். உள்ளடுக்கு இல்லாத குழாயில் ரத்தம் உடனே உறையும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. ஹெப்பாரின் துணையோடு ரத்தம் ஓடியது. கம்பியின் கதை அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், 1964 ஜனவரி 16 அன்று தொடங்குகிறது. விரல்கள் அழுகிய நிலையில், காலை எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த 82 வயது மூதாட்டி. சார்லஸ் டாட்டர் என்ற எக்ஸ்-ரே மருத்துவர் அவர் தொடைத் தமனியின் சுருக்கத்துக்குள் கம்பியை நுழைத்து, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று தடிமனான குழல்களைச் செலுத்தி அகலப்படுத்தினார். அப்போது பலூன் கிடையாது. ஆந்திரியாஸ் குருன்ட்சிக் சூரிச்சில் அதைக் கொண்டுவர இன்னும் பத்து வருடம் இருந்தது. மூதாட்டி இறக்கும்வரை இரண்டு காலோடுதான் இருந்தார்.

சர்ஜன்களுக்கு டாட்டரைப் பிடிக்கவில்லை. படத்துக்கு அனுப்பும் சீட்டிலேயே "படம் எடுத்தால் போதும், சரிசெய்ய முயல வேண்டாம்" என்ற பொருள்படக் குறிப்பு எழுதி அனுப்பிய சர்ஜனும் உண்டு. தொழில் எல்லைச் சண்டை. நம் ஊர் மருத்துவமனைகளில் இன்றும் அதன் வாடை அடிக்கும். ஆனால் அதே போர்ட்லண்டில்தான் சமாதானமும் வந்தது. ஜான் போர்ட்டர் என்ற சர்ஜனும் டாட்டரும் சேர்ந்து 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு பக்க இடுப்புத் தமனி முழுக்க அடைபட்டு, மறுபக்கம் சுருங்கியிருப்பவர்களுக்கு, சுருங்கிய பக்கத்தைக் கம்பி வழியே அகலப்படுத்திவிட்டு, அங்கிருந்து அடைபட்ட காலுக்குக் குறுக்கே ஒரு குழாய் இழுப்பது. கால் காப்பதற்காகக் கத்தியும் கம்பியும் கைகோத்த மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று. நம் பெரியவருக்குச் சொல்லப்பட்டது புதுமோகம் அல்ல. ஐம்பது வருடத்துக்கு மேலான யோசனை, கருவிகள்தான் புதியவை.

"அப்ப ஆபத்தே இல்லையா?" என்றார். இருக்கிறது. தொடையிடுக்கு ஈரமும் வியர்வையும் தங்கும் இடம். புண் பிரிவது, சீழ் வைப்பது, நிணநீர் கசிவது எல்லாம் நடக்கும். தொடையின் முன்பக்கம் கொஞ்சம் மரத்துப்போகலாம். தொடையிடுக்கு அறுவை சின்ன அறுவை என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவேட்டிலிருந்து 1843 பேரை எடுத்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் 3.4 சதவீதம். கத்தியின் பிழை என்று மட்டும் இதைப் பார்க்கக் கூடாது. மேசைக்கு வருபவர்களின் உடம்பே அப்படிப்பட்டது. ஆனாலும் எண் எண்தான்.

முதல் டாக்டரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. பிரான்சில் 117 பேரிடம் நடந்த டெக்கோ ஆய்வு 2017-இல் வெளிவந்தது. தொடையிடுக்கில் அறுவை செய்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு முதல் மாதத்தில் சிக்கல் வந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களில் 12.5 சதவீதம். இரண்டு வருட வாக்கில் குழாய் திறந்திருப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே அறுவையைத் தாங்கவே முடியாதவர்களுக்குத் தொடையிடுக்கிலும் ஸ்டென்ட் என்பது தப்பான யோசனை அல்ல. ஆனால் இரண்டு வருடக் கணக்கு, இன்னும் பத்து வருடம் வயலில் இறங்கப் போகிறவருக்குப் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம். குந்தி எழும் காலுக்கு, சுண்ணாம்பு இவ்வளவு இறுகியிருக்கும்போது, நான் கத்தியின் பக்கம்.

முழங்காலுக்குக் கீழே வந்தால் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. 2022-இல் வெளிவந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில், காலில் நல்ல சிரை கிடைத்தவர்களுக்கு அதைக் கொண்டு செய்த பைபாஸ், பலூனைவிட நன்றாக இருந்தது. அடுத்த வருடமே பேசில்-2 ஆய்வு, முழங்காலுக்குக் கீழ் அடைப்புள்ளவர்களுக்குக் கம்பி வைத்தியத்தை முதலில் செய்வதே நல்லது என்றது. நோயாளிகளும் வேறு, அடைப்பின் இடமும் வேறு. இரண்டில் எதை நம்புவது என்று கேட்டால், முதலில் உங்கள் சிரையை ஸ்கேன் செய்து பாருங்கள் என்பேன். மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத, முறுக்கும் தழும்பும் இல்லாத சிரை இருந்தால் பைபாஸ் என்ற வழி கையில் இருக்கிறது. இதய பைபாஸுக்கு ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள் என்றால் கம்பிதான். பெரியவருக்கு இப்போதைக்குத் தொடைவரை திறந்துவிட்டு, விரல் ஆறுகிறதா என்று பார்ப்பது என் யோசனை.

"விரலை முதல்ல எடுத்திடலாம்னு எங்க ஊர் டாக்டர் சொன்னாரே?" ரத்தம் வராத இடத்தில் வெட்டினால் வெட்டிய புண்ணும் ஆறாது, விரலில் தொடங்கி, பாதம், முட்டிக்குக் கீழ் என்று கத்தி மேலே ஏறிக்கொண்டே போகும். முதலில் ஓட்டம், பிறகு விரல். சீழ் பிடித்துப் பரவினால் மட்டும் வரிசை மாறும்: அன்றே திறந்து சீழை வெளியேற்ற வேண்டும், அடைப்பை அடுத்த சில நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

டாக்டரிடம் கேட்க அவருக்குச் சில கேள்விகளை ஃபிலிம் உறையின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். ஆழ்தொடைத் தமனி திறக்குமா? கம்பி மேலே ஏறவில்லை என்றால் மாற்றுத் திட்டம் என்ன? இரண்டையும் செய்யத் தெரிந்தவர் ஒருவரா, இருவரா? இருவரென்றால் அன்று இருவரும் அங்கே இருப்பார்களா? ஒட்டு எதில்? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு? காப்பீட்டு அட்டையில் இரண்டுக்கும் சேர்த்து அனுமதி வாங்குவீர்களா? கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டுத்தான் அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

அறுவைக்குப் பிறகு ஆஸ்பிரினும் ஸ்டாட்டின் மாத்திரையும் ஆயுசுக்கும். கொழுப்பு நார்மல் என்று ஸ்டாட்டினை நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய; அது கொழுப்புக்காக மட்டும் கொடுப்பதல்ல. ஸ்டென்ட் வைத்ததால் சில மாதம் குளோபிடோக்ரெலும் சேரலாம். 2020-இல் வந்த வாயேஜர் ஆய்வில், கால் அடைப்பைச் சரிசெய்துகொண்ட ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து, ஆஸ்பிரினோடு 2.5 மில்லிகிராம் ரிவரோக்சபன் தினம் இரண்டு வேளை சேர்த்தால் காலுக்கும் இதயத்துக்கும் வரும் பெரிய ஆபத்துகள் ஓரளவு குறைவதைக் கண்டார்கள். ரத்தக்கசிவு கொஞ்சம் கூடுகிறது. வயிற்றுப்புண் இருந்தால் சொல்லிவிட வேண்டும். பீடியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பையிலிருந்த கட்டை எடுத்து அவரே மேசையில் வைத்தார், நான் அதைப் பார்க்காத மாதிரி டீயைக் குடித்தேன்.

முதல் சில நாள் கால் வீங்கும். வெகுநாள் வறண்டு கிடந்த தசைக்குத் திடீரென ரத்தம் வருவதால் அது இயல்புதான். கெண்டைக்கால் கல்லாக இறுகி, விரலை அசைத்தாலே உயிர் போகும் வலி என்றால் மட்டும் அது இயல்பல்ல. நர்ஸைக் கூப்பிட வேண்டும். பிறகு ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று டாப்ளர் ஸ்கேன். ஸ்டென்ட்டுக்குள் மறுபடி சுருக்கம் வந்தால், முழுக்க அடைபடும் முன்பு ஒரு பலூனிலேயே முடிந்துவிடும். அடைபட்ட பிறகு வந்தால் மறுபடி முதலிலிருந்து. வீட்டுக்குப் போனபின் என்றைக்காவது கால் திடீரென வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தசை தாங்குவது ஆறு மணி நேரம்தான். பேராவூரணியிலிருந்து தஞ்சாவூருக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும் அதில் கழித்துக்கொள்ளச் சொன்னேன்.